நோயுற்ற குழந்தையும் குடும்பத்தின் பங்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியச் சொற்பொழிவு நிகழ்வது வழக்கம். பண்டைத் தமிழர் தம் நாட்டுக்கு வடவெல்லையென்று குறித்த வேங்கடத்தின் அடிவாரத்தில் வாழும் நமக்குத் தமிழ்ப் பேச்சு இனிக்காமல் இராது. ஆயினும் இவ்வாண்டு செயற்குழுவினர், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைக்குப் பெற்றோர் ஆற்ற வேண்டிய பங்கு யாது என்பதுபற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தனர். யாம் மருத்துவம் கற்றவர் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறிப் புகைவண்டி அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் குமாஸ்தா. எனினும், குழந்தையைத் தோளில் சாத்திக்கொண்டு மருத்துவமனை வாயிலில் நின்றவர்கள் நம் குடியிருப்பில் எத்தனை வீட்டினர் என்று எண்ணிப் பார்த்தால், இப்பொருள்பற்றிப் பேசும் உரிமை இம்மண்டபத்தில் உள்ள அனைவருக்கும் உண்டு என்றே தோன்றுகிறது. அவ்வுரிமையைக் கொண்டும், படித்தும் கேட்டும் அறிந்த சிலவற்றைக் கொண்டும் பேசத் துணிந்தோம்.

நம் நாட்டு மருத்துவமனைகளில் தாய் எப்போதும் குழந்தையின் கட்டிலருகே இருக்கிறாள். பாய் விரித்துத் தரையில் படுக்கிறாள். வெந்நீர் தேடி அலைகிறாள். சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்கு ஆள் அனுப்புகிறாள். இவ்வளவும் செய்யும் அவளிடம், "அம்மா, உன் குழந்தைக்கு வந்துள்ள நோய் இன்னது, நாங்கள் செய்வது இன்னது, நீ கவனிக்க வேண்டியது இன்னது" என்று உட்கார்ந்து சொல்பவர் எத்தனை பேர்? "நேற்றிரவு என்ன கண்டாய்?" என்று கேட்பவர் எத்தனை பேர்? உடன் இருப்பது வேறு, பங்கு கொள்வது வேறு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றியதுதான் இன்றைய பேச்சு.

மேல்நாட்டில் இக்கேள்வி வேறு விதமாக எழுந்தது. இங்கிலாந்தில் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, குழந்தையை மருத்துவமனையில் விட்டுவிட்டுப் பெற்றோர் வீடு திரும்பிவிட வேண்டும். குறித்த நாளில், குறித்த மணியில் மட்டுமே பார்க்க அனுமதி. பெற்றோர் வந்துபோனால் குழந்தை அழுகிறது, தொற்றுநோய் பரவுகிறது, ஆகவே வராதிருப்பதே நலம் என்று கருதினர். நியூகாசில் நகரில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்னும் மருத்துவர் தாயையும் சேயையும் சேர்த்தே அனுமதித்தார். பெரும்பாலோர் அவ்வழி செல்லவில்லை. 1952ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், எட்டு நாள் மருத்துவமனையில் தனியே இருந்த இரண்டு வயதுச் சிறுமியொருத்தியைப் படம் பிடித்துக் காட்டினார். அச்சிறுமி பெரிதாக அழுது ஆர்ப்பாட்டம் செய்தவள் அல்லள். அடக்கிக்கொண்டு இருந்தாள், நாட்கள் செல்லச் செல்ல வாடினாள், இறுதியில் தாயின் கையைப் பற்றவும் தயங்கினாள். அமைதியான குழந்தை நலமாக இருக்கிறது என்று எண்ணியிருந்த மருத்துவர் பலருக்கு அப்படம் சினமூட்டியதாம். 1959ஆம் ஆண்டில் சர் ஹாரி பிளாட் தலைமையில் அமைந்த குழு, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்க இடம் தர வேண்டும், சிறு குழந்தையுடன் தாய் தங்க வசதி வேண்டும் என்று அரசினருக்குப் பரிந்துரைத்தது.

அவர்கள் தாயை உள்ளே விடுவதற்கே போராட நேர்ந்தது. நாம் உள்ளேயே இருக்கிறோம் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாமெனில், அதற்கும் ஒரு தடை உண்டு. குறைமாதத்தில் பிறந்த சிசுக்களை வைத்துக் காக்கும் தீவிர சிகிச்சைப் பகுதி நம் நாட்டிலும் தோன்றியபோது, அதன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே தாயை நிறுத்திவிட்டோம். ஆங்கிலேயர் கைவிட்ட வழக்கத்தை நாம் அப்போதுதான் எடுத்துக்கொண்டோம் என்று கூறலாம்.

இனி ஒரு செய்தி. குடும்பத்தாரை மருத்துவத்தில் சேர்த்துக்கொண்ட பெரிய முயற்சிகள் பல, யாரோ பெருந்தன்மையால் தொடங்கியவை அல்ல. வேறு வழியில்லாமல் தொடங்கியவை. 1971ஆம் ஆண்டில் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் இலட்சக்கணக்கில் வந்து குவிந்தபோது, எல்லையை அடுத்த பன்காவ் ஊரில் காலரா பரவிற்று. கல்கத்தாவிலிருந்து டாக்டர் திலீப் மகாலனாபிஸ் என்பவர் ஒரு சிறு குழுவுடன் அங்கே சென்றார். அங்கிருந்த சிறு மருத்துவமனையில் காலரா நோயாளிகளுக்கென இருந்தவை இரண்டே அறைகள். கட்டில்கள் நிரம்பி, நோயாளிகள் தரையில் கிடந்தனர். கழிவின் மீது முழந்தாளிட்டு ஊசி ஏற்ற வேண்டியிருந்தது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டே வந்தது. அதை ஏற்றத் தெரிந்த கைகளும் போதவில்லை.

அவர் என்ன செய்தார்? குளுகோஸ், உப்பு, சமையல் சோடா ஆகிய மூன்றையும் அளந்து பிளாஸ்டிக் உறைகளில் அடைத்துக் கல்கத்தாவிலிருந்து தருவித்தார். குடிநீர் பிடித்த பீப்பாய்களில் அவற்றைக் கரைத்து வைத்தார். நோயாளியின் தாய், தமக்கை, கணவன் யாராயினும் சரி, ஒரு குவளையைக் கொடுத்து, "இதைப் பிடித்து வந்து சிறிது சிறிதாகக் குடிக்க வைத்துக்கொண்டே இரு" என்றார். படிப்பறியாத மக்கள், உற்றாரைப் போரிலே பறிகொடுத்து வந்தவர்கள். அவர்கள் கையில்தான் மருத்துவத்தை ஒப்படைத்தார். அம்முகாமில் முன்பு நூற்றுக்கு 20 முதல் 30 பேர் வரை இறந்துகொண்டிருந்தனர். அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களிடையே அது நூற்றுக்கு 4-க்கும் கீழே இறங்கியது. மருத்துவ உலகம் உடனே நம்பவில்லை. நம்பத் தொடங்கிய பின் அக்கரைசல் உலகெங்கும் பரவி எண்ணற்ற குழந்தைகளைக் காத்தது. இன்று நம் கடைத்தெரு மருந்துக் கடையில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று கேட்டு வாங்கும் பொட்டலத்தின் வரலாறு அதுதான். டாக்டர் மகாலனாபிஸ் 2022இல் மறைந்தார். மறு ஆண்டு அரசு அவருக்குப் பத்ம விபூஷண் அளித்தது. இருக்கும்போது அளித்திருக்கலாம்.

தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகர் பொகோட்டாவில் 1978ஆம் ஆண்டில் இது போன்றே நிகழ்ந்தது. எடை குறைந்து பிறந்த சிசுக்களை வெதுவெதுப்பில் வைக்கும் கண்ணாடிப் பெட்டிகள் போதவில்லை. ஒரு பெட்டியில் இரண்டு மூன்று சிசுக்களை இட்டால் நோய் தொற்றுகிறது. எட்கார் ரே என்னும் மருத்துவர், சிசுவைத் தாயின் வெறு மார்போடு அணைத்துக் கட்டி, தாயின் உடற்சூட்டையே பெட்டியாக்கினார். கங்காரு தன் குட்டியை மடியில் வைத்துக் காப்பதுபோல என்று அதற்குப் பெயர் வந்தது. அடுத்த ஆண்டே, எஸ்தோனியா நாட்டின் தாலின் நகரில் ஆதிக் லெவின் என்பவர், செவிலியர் பற்றாக்குறையால், சிசுக்களைப் பேணும் பணியைத் தாய்மாருக்கே கற்றுக்கொடுத்து, ஊசி மருந்து போன்றவற்றை மட்டும் செவிலியரிடம் விட்டார். பிற்காலத்தில் செவிலியருக்குப் பஞ்சமில்லாத கானடா நாட்டினர் தாலின் நகர் முறையைக் கண்டு, தாமும் அதைத் தழுவி விரித்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள். பஞ்சத்துக்குச் செய்த ஏற்பாடு வளத்திலும் வேண்டியதாயிற்று.

கங்காரு முறைபற்றி 2021ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வை இங்கே குறிப்பிட வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் சார்பில் நம் இந்தியாவிலும் ஆப்பிரிக்க நாடுகள் நான்கிலும் நடந்தது. 1 கிலோவுக்குக் குறையாமலும் 1.8 கிலோவுக்கு எட்டாமலும் பிறந்த 3,211 சிசுக்களைச் சேர்த்தனர். ஒரு பகுதியினருக்கு, சிசுவின் நிலை தேறும்வரை காத்திராமல், பிறந்தவுடனேயே தாயின் மார்பிலோ, தாய் இயலாதபோது பாட்டி முதலிய மற்றொருவர் மார்பிலோ அணைத்து வைக்கத் தொடங்கினர். மற்றப் பகுதியினருக்கு வழக்கம்போல நிலை தேறிய பின்பே அதைச் செய்தனர். முதல் 28 நாட்களில், உடனே அணைத்தவர்களிடையே இறப்பு நூற்றுக்கு 12. காத்திருந்தவர்களிடையே ஏறக்குறைய 16. வேற்றுமை ஐயமறத் தெரிந்துவிட்டதால் ஆய்வையே இடையில் நிறுத்தி, எல்லாருக்கும் உடனே செய்க என்றனர். இவ்வாறு செய்வதற்குத் தாயின் கட்டில் தீவிர சிகிச்சைப் பகுதிக்குள்ளேயே இருக்க வேண்டும். அதாவது கண்ணாடிக் கதவு திறந்தாக வேண்டும்.

நம் நாட்டில் அக்கதவைத் திறந்த இடங்களுள் தில்லியிலுள்ள டாக்டர் ராம் மனோகர் லோகியா மருத்துவமனை குறிப்பிடத் தக்கது. அங்கே டாக்டர் ஆர்த்தி மரியாவும் அவர் குழுவினரும், சிசுவின் பெற்றோரையும் உறவினரையும் வகுப்புப் போல உட்கார வைத்துக் கற்பித்தனர். கையை எவ்வாறு கழுவுவது, சிசுவை எவ்வாறு துடைப்பது, பீய்ச்சி எடுத்த பாலை எவ்வாறு புகட்டுவது, எந்த அறிகுறி கண்டால் செவிலியரை உடனே அழைப்பது, வீடு சென்ற பின் என்ன செய்வது என்பனவே பாடங்கள். வெளியார் உள்ளே நுழைந்தால் கிருமி பெருகுமே என்ற அச்சம் எல்லாருக்கும் இருந்தது. ஏறக்குறைய 300 சிசுக்களை வைத்து முறையாக ஆராய்ந்ததில் கிருமித் தொற்று மிகுதியாகவில்லை. தாய்ப்பால் மட்டும் அருந்தி வீடு திரும்பிய சிசுக்களே மிகுந்தனர். 2017ஆம் ஆண்டில் மைய அரசின் சுகாதார அமைச்சகம், அரசு மருத்துவமனைகளின் சிசுப் பிரிவுகள் இம்முறையைக் கைக்கொள்வதற்கான வழிமுறைகளை அச்சிட்டு வெளியிட்டது. ஆகையால், நாளை நம் வீட்டுச் சிசு ஒன்று அத்தகைய பிரிவில் இருக்குமாயின், "தாய் உள்ளே வந்து உதவலாமா, எங்களுக்குக் கற்பிப்பீர்களா?" என்று பணிவோடு கேட்பது மருத்துவமனை விதிக்கு மாறானதன்று, அரசு எழுதி வைத்ததைக் கேட்பதேயாகும்.

தில்லிவரை செல்ல வேண்டியதில்லை என்பீர்கள். உண்மை. இங்கிருந்து பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடி செல்லும் வண்டியில் ஏறினால் வேலூர். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அறியாத வீடு இக்குடியிருப்பில் இல்லை. ஆனால் பாகாயத்தில் உள்ள அதன் மனநலப் பிரிவைப்பற்றிப் பலர் அறியார். மனநோய் கண்டவரைப் பூட்டி வைத்துக் குடும்பத்தை வெளியே நிறுத்திய காலத்தில், 1957ஆம் ஆண்டு டாக்டர் புளோரன்ஸ் நிக்கல்ஸ் என்னும் அம்மையார் தொடங்கிய அந்நிலையத்தில், நோயாளியுடன் குடும்பத்தார் ஒருவர் தங்குவதே முறையாயிற்று. அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே பஞ்சாபில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்தில் கூடாரங்கள் அடித்து நோயாளிகளின் உறவினரைத் தங்கச் செய்தார். பாகாயத்தில் 'நம்பிக்கை நிலையம்' என்று ஒரு பகுதி உண்டு. அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளோடு பெற்றோரும் சில கிழமைகள் அங்கே தங்குகின்றனர். குழந்தைக்கு உண்ணவும் உடுக்கவும் பேசவும் எவ்வாறு படிப்படியாகப் பழக்குவது என்பதைத் தாய் தந்தையர் கற்றுச் செல்கின்றனர். அத்தகைய குழந்தையை வைத்தியர் கையில் விட்டு 'சரியாக்கித் தருக' எனின் நடவாது. ஆண்டுக்கணக்கில் உடனிருப்பவள் தாய். ஆகவே தாய்க்குக் கற்பிப்பதே சிகிச்சை. அத்தகைய குழந்தையை வீட்டுக்குள் மறைத்து வைப்பது இன்னும் நம்மிடையே உண்டு. யாரையும் புண்படுத்தக் கூறவில்லை. வேலூர் இவ்வளவு அருகில் இருக்கும்போது மறைத்து வைப்பானேன் என்றே கேட்கிறோம்.

திருப்பதியிலும் வசதிகள் பெருகியுள்ளன. ருயா மருத்துவமனையும், 1993இல் தொடங்கிய ஸ்விம்ஸ் மருத்துவமனையும் நாம் நாளும் காண்பவை. 2021 அக்டோபரில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தார் பத்மாவதி அம்மையாரின் பெயரால் குழந்தைகளுக்கென்றே இதய மருத்துவமனையைத் திறந்தனர். பிறவியிலேயே இதயத்தில் துளையோ அடைப்போ உள்ள பிள்ளைகளுக்கு அங்கே அறுவை செய்கின்றனர். இதய நோயில் குடும்பத்தின் பங்கு அறுவைக்கு முன்னும் பின்னுமாக நீள்கிறது. பால் குடிக்கும்போது சிசுவின் நெற்றி வியர்க்கிறதா, இடையிடையே இளைப்பாறுகிறதா, அழும்போது உதடு நீலம் பாய்கிறதா என்பவற்றைத் தாய்தான் முதலில் காண்கிறாள். அறுவை முடிந்து தீவிர சிகிச்சைப் பகுதியில் உள்ள நாட்களில் பெற்றோர் பெரும்பாலும் வெளியேதான் இருக்க நேரும். அதைப் பொறுக்கத்தான் வேண்டும். வீடு திரும்பிய பின் மருந்தின் அளவு, நேரம், எடை, காய்ச்சல் யாவும் நம் கையில். பல்லைத் தூய்மையாக வைத்தலும் இதில் சேரும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி இரத்தத்தில் கலந்து இதயத்தைப் பற்றக் கூடுமாம்.

இவ்விடத்தில் நம் துறைபற்றி ஒரு சொல். இதய அறுவைக்குச் செல்லும் நோயாளிக்குப் புகைவண்டியில் இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றில் நூற்றுக்கு 75 கட்டணச் சலுகை உண்டு. அச்சலுகை உடன் செல்லும் ஒருவருக்கும் உண்டு. தலசீமியா நோயாளிகளுக்கும், சிறுநீரக மாற்று அறுவைக்கோ டயாலிசிசுக்கோ செல்வோருக்கும் அவ்வாறே. 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் சலுகை உட்படப் பலவும் நிறுத்தப்பட்டபோதும் நோயாளிகளின் சலுகை நிறுத்தப்படவில்லை. உரிய படிவத்தில் மருத்துவமனையின் சான்று வேண்டும். நமக்குப் பாஸ் இருப்பதால் இது தெரிவதில்லை. ஊரிலிருந்து நோயுற்ற குழந்தையோடு நம் வீட்டுக்கு வந்து தங்கும் உறவினருக்குத் தெரிவிப்பது நம் கடன். நோயாளி தனியே செல்லார், துணையும் சிகிச்சையைச் சேர்ந்ததே என்று நம் கட்டண விதி ஒப்புக்கொண்டிருப்பதைக் காண எமக்கு மகிழ்ச்சி.

இனி, வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் என்ற வகையில் நமக்கே உரிய ஓர் இடர் உண்டு. அதற்காகவே இவ்வளவு நேரமும் பேசினோம் என்றாலும் தகும்.

நம் தாய்மார்கள் கடைத்தெருவில் தெலுங்கு பேசுகின்றனர். காய்கறி விலை பேசுவதற்கும், பக்கத்து வீட்டு அம்மாளிடம் நலம் கேட்பதற்கும் அது போதும். மருத்துவமனையில் அது போதாது. சில வேளை ஏமாற்றியும் விடும். தெலுங்கு தெரியாத சொல்லாக இருந்தால், தெரியவில்லை என்று கேட்டுக்கொள்வோம். தமிழ்போல ஒலித்து வேறு பொருள் தரும் சொல்லில்தான் இடர் உள்ளது. 'ஆயாசம் உந்தா?' என்று செவிலியர் கேட்டால் அவர் கருதுவது மூச்சிரைப்பு. நமக்கு ஆயாசம் என்றால் களைப்பு. காய்ச்சலில் எந்தக் குழந்தை களைத்திராது? 'ஆம்' என்று விடுகிறோம். 'மூர்ச்ச' என்று அவர்கள் கூறுவது வலிப்பை. நமக்கு மூர்ச்சை என்றால் மயக்கம்.

சில ஆண்டுகட்குமுன் நம் குடியிருப்பிலேயே நிகழ்ந்தது. நான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு நள்ளிரவில் கடுங்காய்ச்சல் கண்டு உடல் வெட்டி இழுத்தது. நகரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றனர். இதற்குமுன் 'மூர்ச்ச' வந்ததுண்டா என்று கேட்டனர். "இல்லை, ஒருநாளும் மயங்கியதில்லை" என்றாள் தாய். உண்மையில் முந்திய ஆண்டு இருமுறை காய்ச்சலின்போது வலிப்பு வந்து, ஊரில் மருந்தும் கொடுத்திருந்தனர். ஒரு மருந்து உடம்புக்கு ஒவ்வாமல் தடிப்பு எழுந்து நிறுத்தியும் இருந்தனர். இவையெல்லாம் மறுநாள் மாலை, சோறு கொண்டுவந்த பாட்டி தற்செயலாகக் கூறிய பின்பே தாளில் ஏறின. அதுவரை 'முதன்முறை வலிப்பு' என்றே எழுதியிருந்தனர். நல்லவேளையாகத் தீங்கு நேரவில்லை. பையன் இப்போது இரண்டு தெருவுக்கும் கேட்கக் கூச்சலிட்டு மட்டைப்பந்து ஆடுகிறான். கேட்டவர் கேட்டதும் சரி. தாய் விடை கூறியதும் சரி. இடையே ஒரு சொல் மாறிற்று.

ஆகவே மூன்று வேலைகளை நாம் மேற்கொள்ள வேண்டும் என்று செயற்குழுவில் பேசினோம். முதலாவது, ஒவ்வொரு வீட்டிலும் குழந்தைக்கு ஒரு குறிப்பேடு. யாம் குமாஸ்தாவாகையால் ஏட்டில் நம்பிக்கை மிகுதி என்று நகைப்பீர்கள், நகையுங்கள். நிலைய அதிகாரி ஒருவர் பணி மாறும்போது, நாட்குறிப்பில் எழுதிக் கையொப்பமிட்டு அடுத்தவரிடம் ஒப்படைக்காமல் நாற்காலியை விட்டு எழுவதில்லை. மருத்துவமனையிலும் செவிலியர் முறை மாறுகின்றனர், மருத்துவர் மாறுகின்றனர். இருபத்துநான்கு மணி நேரமும் மாறாதிருப்பவள் தாய் ஒருத்தியே. பிறந்தபோது எடை, போட்ட தடுப்பூசிகள், வந்த நோய்கள், ஒவ்வாத மருந்து, இப்போது உண்ணும் மருந்து இவை ஒரு பக்கம். மருத்துவமனையில் இருக்கும் நாட்களில் எத்தனை முறை சிறுநீர் கழித்தது, எவ்வளவு பால் குடித்தது, எப்போது காய்ச்சல் ஏறியது என்பவை அடுத்த பக்கம். தமிழிலேயே எழுதலாம். மருத்துவர் கேட்கும்போது பார்த்துக் கூறினால் போதும். வண்டியின் முன்னே உள்ள ஓட்டுநருக்குத் தெரியாதது பின்பெட்டியிலுள்ள கார்டுக்குத் தெரியும் என்பது நம் தோழர்கட்குச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. (2022 முதல் கார்டை 'டிரெயின் மேனேஜர்' என்று அழைக்க வேண்டும் என்பது உத்தரவு, பழக்கம் விடவில்லை.)

இரண்டாவது, தமிழும் தெலுங்கும் இணையாக அச்சிட்ட ஒரு தாள். நோய்க்குறிச் சொற்கள் மட்டும், அதிகம் வேண்டா. தக்கு என்றால் இருமல், நொப்பி என்றால் வலி, விரேசனாலு என்றால் வயிற்றுப்போக்கு என்ற அளவில். ஆயாசமும் மூர்ச்சையும் தலைப்பில் வரவேண்டும். இருமொழியும் அறிந்த மருத்துவர் ஒருவர் பார்த்துத் திருத்திய பின்பே அச்சிடுவோம்.

மூன்றாவதே தலையாயது. இரு மொழியும் நன்கறிந்த தாய்மார் நால்வர் ஐவர், அழைத்தால் மருத்துவமனைக்குத் துணைசெல்ல முன்வர வேண்டும். இப்போது நம் வழக்கம், இங்குள்ள பள்ளியில் தெலுங்கு படிக்கும் பத்து வயதுப் பெண்ணையோ பையனையோ அழைத்துச் சென்று மொழிபெயர்க்கச் சொல்லுதல். காய்ச்சலுக்கு அது போதும். தம்பிக்கு இரத்தத்தில் கொடிய நோய் என்பதை ஒரு சிறுமியின் வாயால் தாய்க்குச் சொல்ல வைப்பது நன்றன்று.

துணைசெல்வோரும் பெற்றோரும் கேட்கத் தயங்கலாகாத சிலவும் உண்டு. நோயின் பெயர் என்ன? எழுதித் தர இயலுமா? இச்சோதனை எதற்கு? இன்றிரவு யாம் எதைக் கவனிக்க வேண்டும்? வீடு சென்ற பின் எந்தக் குறி கண்டால் திரும்பி வர வேண்டும்? இவற்றைக் கேட்டால் மருத்துவர் சினப்பார் என்று நம்மவர் அஞ்சுகின்றனர். சிலர் சினக்கவும் கூடும். ஒரு நாளில் நூறு குழந்தைகளைப் பார்ப்பவரின் களைப்பையும் நாம் எண்ண வேண்டும். காலைச் சுற்று முடியும்வரை பொறுத்து, ஏட்டில் எழுதி வைத்துக்கொண்டு, ஒருவரே கேட்டால் பெரும்பாலோர் விடை தருவர். ஐந்து உறவினர் சூழ்ந்துகொண்டு ஐந்து விதமாகக் கேட்டால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

நம் பக்கத்துக் குறைகளையும் மறைக்க வேண்டா. அறுவைக்குமுன் ஒன்றும் கொடாதே என்று கட்டளையிட்டிருக்க, பிள்ளை பசிக்கிறதென்று அழுவது பொறாமல் பாட்டி ஒரு வாய் பால் புகட்டிவிடுகிறாள். மயக்க மருந்து கொடுத்த நிலையில் வயிற்றிலுள்ளது மேலெழும்பி நுரையீரலுக்குள் செல்லக் கூடும், உயிருக்கே இடர். ஏன் கொடுக்கலாகாது என்று பாட்டிக்கு யாரும் சொல்லவில்லை என்பது ஒரு பாதி. சொன்னதை மீறினோம் என்பது மறு பாதி. நாட்டு மருந்து கொடுத்திருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் மருத்துவர் தவறான வழியில் தேடுவார். திருமலைக்கு வந்த உறவினர் பத்துப் பேரும் மலையிறங்கிய கையோடு பிரசாதத்துடன் கட்டிலைச் சூழ்ந்து நிற்பது அன்பாகலாம்; அடுத்த கட்டிலில் உள்ள குழந்தைக்கும் அது அன்பாகுமா?

பங்கு கொள்ளுதல் என்ற பெயரால் நடக்கும் ஒன்றையும் மறுத்தாக வேண்டும். ஆள் பற்றாக்குறையால் தாயைக் கொண்டே தள்ளுவண்டி தள்ளுவிப்பதும், தந்தையை இரத்தக் குப்பியோடு சோதனைச் சாலைக்கு ஓட்டுவதும், செவிலியர் செய்ய வேண்டிய நுட்பமான வேலையைக் கற்பியாமலே வீட்டார் தலையில் கட்டுவதும் பங்காளியாக்குதல் ஆகா. கூலியில்லாத வேலையாளாக்குதலே ஆகும். தாலினிலும் தில்லியிலும் முதலில் கற்பித்தனர், பின்பு செய்யவிட்டனர், செவிலியர் அருகில் நின்றனர். அந்த வரிசை மாறலாகாது.

தந்தைமாருக்கும் ஒரு சொல். மருத்துவமனையில் தாய் இரவு பகலாகக் கண்விழிக்க, நாம் மாலையில் சென்று, "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டுப் பணத்தைக் கொடுத்துத் திரும்புகிறோம். பல பிரிவுகளில் இரவில் ஆடவருக்கு இடமில்லை, அது உண்மை. பகலில் இடமுண்டு. மனைவி மகப்பேறுற்ற காலத்தில் தந்தைக்கு 15 நாள் விடுப்பு நம் துறையில் உண்டு. அதை எழுதிக் கேட்பதற்குக்கூட வெட்கப்படுவோர் எம் பிரிவிலேயே உளர். குறைமாதச் சிசுவைத் தந்தையின் மார்பிலும் அணைத்து வைக்கலாம் என்று மருத்துவரே கூறுகின்றனர். சட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும். அலுவலகத்தில் நாம் பழகிய வேலைதான்.

துணைசெல்ல விரும்பும் தாய்மார்கள் தங்கள் பெயர், வீட்டு எண், வரக்கூடிய நேரம் ஆகியவற்றை, இன்றைய விருந்து முடிந்து செல்லும்முன் செயலாளரிடம் எழுதித் தர வேண்டுகிறோம். இரவில் வரக்கூடியவர் இருவரேனும் வேண்டும். குறிப்பேட்டின் மாதிரிப் பக்கம் வாயிலருகே மேசைமீது வைக்கப்பட்டுள்ளது. வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். சொல் தாளுக்கு வேறு சொற்கள் தோன்றினால், குறிப்பாகத் தமிழில் ஒன்றும் தெலுங்கில் வேறுமாகப் பொருள்படுவன தெரிந்தால், அவற்றையும் அங்கேயே குறித்து வைக்கவும்.